இலங்கைக்கு எந்தக் கூட்டு? காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

கொழும்பில் சில ஆண்டுகளாக ஒரு விவாதம் நடக்கிறது. இந்தியாவோடு இருக்கும் இருநாட்டு வர்த்தக ஒப்பந்தத்தையே இன்னும் ஆழமாக்கலாமா? தூங்கிக் கிடக்கும் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கை எழுப்பலாமா? வங்காள விரிகுடா நாடுகளின் அமைப்பான பிம்ஸ்டெக்கில் முனைப்புக் காட்டலாமா? கிழக்கே திரும்பி, ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான ஆர்செப்பில் சேரலாமா? சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்கள் வாழும் நாடு அது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து, மறு ஆண்டு மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டத்தில் கால் ஊன்றி எழுந்து வருகிறது. இப்போது எடுக்கும் முடிவை அடுத்த தலைமுறைதான் சுமக்கப் போகிறது.

சின்ன நாடு ஒரு கூட்டமைப்பில் சேர்ந்தால் வரி குறையும், சந்தை பெருகும் என்பதைத்தான் எல்லோரும் முதல் லாபமாகச் சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. பக்கத்திலிருக்கும் பெரிய நாடு நாளைக்கு மனம் மாறினாலும் எழுதிய விதி மாறாமல் நிற்குமா என்பதுதான் சின்ன நாட்டின் முதல் கவலையாக இருக்க வேண்டும். நான்கு வழிகளையும் இந்த ஒரு தராசில்தான் நிறுக்கிறேன்.

செட்டிநாட்டில் பிறந்தவருக்கு இந்தத் தராசு புதிதில்லை. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தார். ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 1ஆம் தேதி, பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடியில் உட்கார்ந்து ‘கொண்டுவிக்க’, அதாவது வட்டிக்குக் கொடுத்து வாங்க, போனவருக்கு அது வேறு நாடு என்ற நினைப்பே தேவைப்படவில்லை. ஒரே பேரரசு, ஒரே ரூபாய், ஒரே மாதிரிக் கோர்ட்டு. அந்தப் பேரரசின் நிழல் விலகியதும் கையில் பத்திரம் இருந்தது. பத்திரத்தைக் காக்க நாடுகளுக்கிடையே எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. 1948இல் நில தேசியமயச் சட்டம், 1963இல் வங்கிகள் தேசியமயம், மறு ஆண்டு கடைகள். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் பல வீடுகளில் அந்த இழப்பின் பேரேடுகள் இன்னும் பெட்டகத்தில் கிடக்கின்றன.

இதன் மறுபக்கத்தையும் நாம் பேசியாக வேண்டும். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. 1937 வாக்கில் அது கால் பங்காகிவிட்டது. வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை என்று நம் ஊரில் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வயலை இழந்த பர்மிய உழவருக்கு, ஆசைப்பட்டு எடுத்தாலும் கடனுக்கு எடுத்தாலும் வயல் போனது போனதுதான். வெளியிலிருந்து வரும் பெரும் பணத்தைப் பார்த்து ஒரு சின்ன நாடு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். கதவைத் திறப்பதற்கு முன்னால் எவ்வளவு திறப்பது, நெருக்கடி வந்தால் எப்படிச் சாத்துவது என்று எழுதிவைத்திருந்தால் இரு தரப்பும் பிழைத்திருக்கும்.

யாரோடும் சேராமல் தனித்து நிற்பது என்ற ஐந்தாவது வழியை இலங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிப் பூட்டியதில் சில பயிர்களுக்கு நல்ல விலை கிடைத்தது உண்மை. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய விவசாயிகள் அந்தக் காலத்தை இன்றும் நன்றியோடு சொல்வதுண்டு. ஆனால் ரொட்டிக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாடு அதற்குத் திரும்பப் போவதில்லை.

இனி முதல் வழி. இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஒரு ராத்திரித் தூரம். மொழி தெரியும், ருசி தெரியும், யாருக்கு யார் கடன் கொடுக்கலாம் என்பதுவரை தெரியும். கொழும்புச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோவிலும் ஆடி வேலும் இன்றும் இருக்கின்றன. இயற்கையான கூட்டு என்றால் இதுதான். பலனும் உடனே தெரிந்தது: 2000இல் இந்தியாவுக்கு இலங்கை அனுப்பிய சரக்கு சுமார் 5 கோடி டாலருக்கு, ஐந்தே ஆண்டில் 50 கோடியைத் தாண்டியது.

அந்த 50 கோடிக்குள் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. பெரும் பங்கு வனஸ்பதியும் செம்பும். அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. அந்த வரி வித்தியாசத்தைப் பிடிப்பதற்காகவே ஆலைகள் இலங்கையில் முளைத்தன. போட்ட முதலில் கணிசமானது இந்தியர்களுடையது. இந்திய உற்பத்தியாளர்கள் முறையிட்டதும் டெல்லி வனஸ்பதிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. ஆலைகள் ஒன்றொன்றாக மூடின. டெல்லி செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டே பேர் உள்ள ஒப்பந்தத்தில், பெரியவர் வரம்பு வைத்தால் சின்னவர் போய் நிற்க மூன்றாவது இடம் கிடையாது.

மற்ற சரக்குகளுக்கும் ஒப்பந்தத்திலேயே அளவு உண்டு. தேயிலை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ; இலங்கை விளைவிப்பது 25 கோடி கிலோவுக்கும் மேல். ஆயத்த ஆடை 80 லட்சம் உருப்படி, அதிலும் பெரும்பகுதி இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டும் என்பது தொடக்க கால நிபந்தனை. எந்தத் துறைமுகம் வழியாக வரலாம் என்பதுகூட முதலில் குறிப்பிடப்பட்டிருந்தது. மிளகு 2,500 டன். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இலங்கையில் எந்த இந்திய ஒப்பந்தம் பேச்சுக்கு வந்தாலும் ஒரு பெருங்கூட்டம் எதிர்க்கிறது. 2008இல் விரிவான பொருளாதார ஒப்பந்தம் கையெழுத்துக்கு முந்திய படியில் நின்றது. அதற்குப் பின் வந்த எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) பேச்சுவார்த்தையும் டாக்டர்கள், கணினித் துறையினரின் அச்சத்தால் வருடக்கணக்கில் இழுத்து, 2023இல்தான் மறுபடி தொடங்கியது.

இரு நாட்டுக்கும் நடுவே உண்மையில் புண்ணாக இருக்கும் விஷயம் எந்த வர்த்தகத் தாளிலும் இல்லை. நம் பக்கத்துக் கடற்கரையான கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து போகும் விசைப்படகுகளின் இழுவை மடி, வடக்கு இலங்கையின் சிறு மீனவரின் வலையைக் கிழிக்கிறது. இலங்கை 2017இல் அந்த மடியைத் தடை செய்தது. நம் மீனவர் சிறைபடும்போது நமக்குத் துடிக்கிறது; அங்கே வலை இழந்தவரும் தமிழர்தான். இருநாட்டு வழியின் பலவீனம் இங்கேயும் தெரிகிறது: அமைச்சர்கள் சந்திக்கும்போது பேசப்படுகிறது, அவர்கள் பிரிந்ததும் அதைத் தொடர்ந்து பிடித்து நடத்தும் நிரந்தர அமைப்பு ஏதும் இல்லை.

இருந்தாலும் 2022இல் இந்தியா செய்ததை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. எரிபொருள், மருந்து, அரிசி, கடன் தவணை எல்லாம் சேர்த்து சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு வந்தது, மற்ற எவரும் அசைவதற்கு முன்னால். அதில் 40 கோடி டாலர் சார்க் நாடுகளுக்கான ரிசர்வ் வங்கியின் நாணய மாற்று ஏற்பாட்டின் வழியாக ஜனவரியிலேயே வந்துவிட்டது. சார்க்கின் பெயரில் சமீபத்தில் ஒரு சின்ன நாட்டுக்குக் கிடைத்த கண்கூடான பலன் அதுதான்.

மற்றபடி சார்க் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1985இல் டாக்காவில் பிறந்தது. கடைசி உச்சி மாநாடு 2014இல் காட்மாண்டுவில். 2016இல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டியது கூடவில்லை. சாப்டா என்ற சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2006 முதல் ஏட்டில் இருக்கிறது. தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் அவை ஒன்றோடொன்று செய்வது 5 சதவீத அளவுதான். இரண்டு பெரிய உறுப்பினர்களின் பகை தீரும்வரை நேபாளமும் மாலத்தீவும் இலங்கையும் வாசலில் காத்திருக்க முடியாது. நாணய மாற்று ஏற்பாட்டுக்காக உறுப்பினராக இருந்துகொண்டே போகலாம். அதற்குமேல் எதையும் இதன்மீது கட்ட வேண்டாம்.

பிம்ஸ்டெக் அதைவிட ஆரோக்கியமானது. 1997இல் பாங்காக்கில் தொடங்கியது. இந்தியா, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, இலங்கை, நேபாளம், பூடான் என்று ஏழு நாடுகள். வங்காள விரிகுடாவைச் சுற்றிய இந்த வட்டம் நாம் கப்பலேறிய அதே வட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வேகம் போதாது. சுதந்திர வர்த்தகத்துக்கான வரைச்சட்டத்தில் 2004இல் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. சாசனத்தில் 2022இல்தான், கொழும்பு மாநாட்டில், கையெழுத்தானது. அதாவது பிறந்து 25 ஆண்டுக்குப் பிறகு. அதனால் இதை வர்த்தகத்துக்கு நம்பாமல் மின்சாரம், கப்பல், புயல் எச்சரிக்கை ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதே சரி. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பி வழியாக வங்கதேசத்துக்குப் போனது. மூன்றுமே பிம்ஸ்டெக் நாடுகள். பெரிய மாநாடு எதுவும் கூடாமல் இப்படி ஒரு வேலை முடிந்தது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

நான்காவது வழிக்கு வருவோம். ஆர்செப் என்பது தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் பழைய பத்து நாடுகளோடு சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2019 நவம்பரில் விலகிக்கொண்டது. இலங்கை 2023இல் விண்ணப்பம் கொடுத்திருக்கிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் வலு இருக்கிறது. இலங்கையின் ஆடைகள் போவது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும். தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்கள் ஈராக், ரஷ்யா, துருக்கி போன்றவர்கள். இவர்களில் ஒருவர்கூட ஆர்செப்பில் இல்லை. சேர்ந்த மறுநாளே ஏற்றுமதி எகிறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று, ஆசியானும் சீனா, ஜப்பான், கொரியாவும் சேர்ந்து வைத்திருக்கும் 24,000 கோடி டாலர் அவசர நிதி ஆர்செப் உறுப்பினருக்குத் தானாகக் கிடைக்காது. அது தனி ஏற்பாடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் நிறைய.

பிறகு ஏன் நான் இதை முதலில் வைக்கிறேன்? ஒரு காரணம் மூலப்பொருள் விதி. பதினைந்து நாடுகளில் எதிலிருந்து வந்த நூலும் பட்டனும் பாகமும் 'உள்ளூர்' கணக்கில் சேரும். மொத்த மதிப்பில் 40 சதவீதம் இந்த வட்டத்துக்குள் உருவாகியிருந்தால் போதும். இந்திய ஒப்பந்தத்தில் இலங்கையிலேயே 35 சதவீத மதிப்பு சேர வேண்டும். இந்தியப் பொருளைக் கலந்தால் இலங்கையின் பங்கு 25 ஆக இருக்கலாம். துணியையும் பாகங்களையும் வெளியிலிருந்து வாங்கித் தைத்து, பூட்டி அனுப்பும் நாட்டுக்கு இந்த வித்தியாசம்தான் தொழிற்சாலை வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும்.

அதைவிடப் பெரிய காரணம், அந்த மேசையில் பெரியவர்கள் பலர். சீனாவோடு இலங்கை தனியாகப் பேசியபோது பத்து ஆண்டுக்குப் பிறகு மறுபரிசீலனை செய்யும் ஒரு விதியைக் கேட்டது. 2018 வாக்கில் பேச்சு அதிலேயே முட்டி நின்றது. தனியாகக் கேட்டுக் கிடைக்காத அவகாசத்தை லாவோஸும் கம்போடியாவும் ஆர்செப்பில் கூட்டமாக இருந்து வாங்கியிருக்கின்றன. ஆசியானின் உள் வர்த்தக ஒப்பந்தத்திலும் அப்படித்தான் நடந்தது: பழைய ஆறு உறுப்பினர்கள் 2010க்குள் வரியை எடுக்க, பின்னால் வந்த வியட்நாம், லாவோஸ், மியான்மர், கம்போடியாவுக்கு 2015 வரையும் சில பொருள்களுக்கு 2018 வரையும் தவணை கிடைத்தது.

கிழக்குத் திமோரைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் எங்கள் சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 13 லட்சத்து 39 ஆயிரம். 2022இல் எடுத்த அவர்கள் கணக்கும் ஏறக்குறைய அதேதான். காளையார்கோவிலும் திருப்பத்தூரும் காரைக்குடியும் சேர்ந்த ஒரு மாவட்டம் ஐ.நா.வில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் அந்த நாட்டின் அளவு பிடிபடும். 1975 முதல் 1999 வரை இந்தோனேசியாவின் பிடியில் இருந்தது, 2002இல் விடுதலை. 2011இல் ஆசியானுக்கு விண்ணப்பித்து, 2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் பதினோராவது உறுப்பினரானது. தன்னை ஆக்கிரமித்த நாட்டின் பக்கத்து நாற்காலியில் சம உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது. தலைமைப் பொறுப்பு அகர வரிசையில் சுற்றி வரும்போது இந்தோனேசியாவுக்கும் அதற்கும் ஒரே முறைதான். இதை எந்தச் சுங்க வரிக் கணக்கிலும் எழுத முடியாது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதில்லை. ஆசியான் தலைமையகத்துக்கு எல்லா நாடும் சமத் தொகை கட்ட வேண்டும். சிங்கப்பூர் கட்டுவதைத்தான் லாவோஸும் கட்டுகிறது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் கூட்டங்கள், அனைத்தும் ஆங்கிலத்தில். தெத்துமும் போர்த்துக்கீசியமும் ஆட்சிமொழியாக உள்ள நாடு அதற்கென்று அதிகாரிகளைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற ஆசியான் வழக்கம் சின்ன நாட்டுக்குக் கேடயம். அதே வழக்கம்தான் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மர் மக்களுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் ஆசியானின் கையைக் கட்டியும் போட்டது. அந்த நாட்டோடு நமக்கிருக்கும் உறவுக்கு, அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இலங்கை கொடுக்க வேண்டிய விலை வேறு மாதிரி. அங்கே இறக்குமதிப் பொருளுக்குச் சுங்க வரியோடு நிற்பதில்லை. மேலே செஸ் என்ற கூடுதல் வரி, துறைமுக விமான நிலைய வரி என்று அடுக்கு. 2022இல் அரசின் மொத்த வருவாய் நாட்டின் உற்பத்தியில் 8 சதவீத அளவுக்குத்தான் இருந்தது. அப்படிப்பட்ட அரசு, எல்லையில் வசூலாகும் காசை ஒரே நாளில் விட முடியாது. மறுபக்கம், அந்த அடுக்கு வரியால் தரை ஓடு, குளியலறைச் சாமான் எல்லாம் அங்கே எட்டாத விலைக்கு விற்கின்றன. வீடு கட்டும் ஒவ்வொருவரும் உள்ளூர் ஓட்டு ஆலைகளுக்குத் தம் பையிலிருந்து கொடுக்கிறார். வரியை எடுத்தால் அந்த ஆலைகள் என்ன ஆகும்?

இதற்குப் பதில் எனக்கு, கையால் பூக்கல் என்ற தரை ஓடு செய்யும் எங்கள் ஆத்தங்குடியில் தெரிகிறது. பட்டறையில் கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, ஆக்சைடு கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூவிதழுக்கு ஒரு நிறம், காம்புக்கு ஒரு நிறமாகச் சின்னக் கரண்டியில் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரச் சாந்தை வைத்துக் கொல்லுறால் அழுத்துகிறார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில். கண்ணாடி பிரிந்ததும் பளபளப்பு அதிலேயே இருக்கும். ஒரு ஆள் ஒரு நாளில் செய்வது மிகக் கொஞ்சம். குஜராத் மோர்பியிலிருந்து மிஷின் டைல்ஸ் லாரி லாரியாக வந்தபோது அதைத் தடுக்க இடையில் சுங்கச் சாவடி கிடையாது, இது ஒரே நாடு. சாதாரணமாக வீடு கட்டுகிறவர் மோர்பிக்குப் போய்விட்டார். பூக்கல் பிழைத்தது, மோர்பியால் செய்ய முடியாததைச் செய்ததால். ஆனால் எத்தனையோ குடும்பங்கள் இடையில் தொழிலை விட்டன. மாறிக்கொள்ள அவர்களுக்கு யாரும் பத்து வருடம் கொடுக்கவில்லை. தனி நாடு அந்தப் பத்து வருடத்தை, இருபது வருடத்தைக் கேட்டு வாங்க முடியும். கிடைத்த அவகாசத்தில் தொழிலாளிக்குப் பயிற்சியும் ஆலைக்குக் கடனும் கொடுக்காமல் தூங்கினால் அது அரசின் குற்றம்.

கூட்டமைப்பு கைவிடுவதும் உண்டு. கடலில்லாத ருவாண்டா 2007இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் சேர்ந்தது. ஒரே சுங்க ஏற்பாடு வந்தபின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து கிகாலிக்கு மூன்று வாரம் இழுத்த லாரி ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் பழைய துணி இறக்குமதியை நிறுத்துவது என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு அமெரிக்கா மிரட்டல் விட்டதும் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். ருவாண்டா மட்டும் நின்றது. 2018 ஜூலையில் அதன் ஆடைகளுக்கான அமெரிக்க வரிச் சலுகை நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாதைக்குக் கூட்டமைப்பு உதவும்; ஆனால் வெளியாருடன் சண்டைக்கும் உதவும் என்று எண்ணி இறங்கக் கூடாது.

ஆகவே நான் கொழும்பில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் செய்யும் வரிசை இது. ஆர்செப்பை முதலில் பிடிப்பேன். லாவோஸ், கம்போடியாவுக்குக் கொடுத்த தவணைக்குக் குறையாமல் கேட்பேன். செஸ்ஸையும் துறைமுக வரியையும் ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைக்கும் அட்டவணையைப் பேச்சுக்கு முன்னாலேயே வெளியிட்டு, உள்ளூர் ஆலைகளுக்கு எச்சரிக்கை மணி அடிப்பேன். இந்தியாவோடு எட்காவை அதன்பிறகு முடிப்பேன், அதற்கு முன்னால் அல்ல. வேறு கதவு திறந்திருக்கும் நாட்டிடம் பேசும்போதுதான் டெல்லியும் தேயிலை, ஆடை உச்சவரம்புகளைத் தளர்த்த யோசிக்கும். அந்த ஒப்பந்தத்தில் நான் விடாமல் கேட்பது ஒன்றுதான்: வரம்பு வைப்பதற்கு ஆறு மாதம் முன்னறிவிப்பும், இரு தரப்பும் ஏற்கும் மூன்றாவது நாட்டு நடுவர் குழுவும். பிம்ஸ்டெக்கில் மின்கம்பிக்கும் கப்பலுக்கும் ஆள் போடுவேன். சார்க்கில் சந்தா கட்டுவேன்.

டெல்லிக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் மறுபடி கப்பல் விட்டவர்கள், அந்தப் பக்கம் காசுள்ள வாடிக்கையாளர் இருந்தால்தான் கப்பல் நிறையும் என்பதை அறிவார்கள். இலங்கை ஆர்செப்பில் சேர்ந்தால் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பொருள் செய்யும் ஆலை திருகோணமலையில் வரலாம். அதற்கு வேண்டிய நூலும் உதிரிபாகமும் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போவதற்கு, ஒரு இரவுக் கப்பல் பயணம்தான்.